ஒன்பதாம் நம்பர் பேண்ட்

அத்தியாயம் 14

மேஜரம்மாவுக்கு நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. மகளின் கைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த அந்த நீல உறைதான் காரணம். "என்னடி அது?" என்று கேட்டதும் பெண் அதை உள்ளே தள்ளி, ஜிப்பை சர்ரென்று இழுத்து மூடிவிட்டாள். போன வாரம் நாம் அவர்களை அந்த இடத்தில்தான் விட்டுவிட்டு வந்தோம். இருபத்து மூன்று வயதுப் பெண் ஓர் உறையை மறைத்தால் பெற்றவள் புத்தி எந்தப் பக்கம் ஓடும்? யாரோ ஒரு பையன் என்று முடிவே கட்டிவிட்டாள். முடிவு கட்டியதோடு நிற்காமல், அந்தப் பையனுக்கு ஒரு முகம் கொடுத்து, ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்து, அவன் அம்மா எப்படிப்பட்டவளோ என்ற கவலையையும் பட்டாகிவிட்டது.

பாவம், அப்படி ஒரு பையன் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கீழே ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. கடைக்கு மேலேயே வீடு என்பதால் கடை இருமினாலும் வீட்டுக்குக் கேட்கும். பத்தொன்பது வருஷமாக அதே ஐந்தரை. காய்ச்சலானாலும் மழையானாலும் ஐந்தரை என்றால் ஐந்தரைதான்.

கதைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேஜர் என்பவர் மேஜர் இல்லை. வேறொரு நாட்டுப் பட்டாளத்தில், மேஜருக்கு எத்தனையோ படி கீழே, சரக்குப் பிரிவில் பதினேழு வருஷம் இருந்தவர். ஒரு மழைநாளில் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து, உருளைக்கிழங்கு மூட்டைகள் அத்தனையும் அவர் இடது காலின் மேல் இறங்கின. எலும்பு கூடியபோது கால் கொஞ்சம் குட்டையாகக் கூடியது. பட்டாளம் கை குலுக்கி வீட்டுக்கு அனுப்பி வைத்தது. அதற்குப் பிறகு இந்த நாடு, இந்தப் பாஷை, இந்த மூலைக்கடை. வளையாத முதுகைப் பார்த்துத் தெருவில் யாரோ "மேஜர்" என்று ஆரம்பித்து வைக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. காலைப் பற்றி யாராவது கேட்டால், "சர்வீஸ்ல பட்டது" என்பார். அதில் பொய் இல்லை. உருளைக்கிழங்கை மட்டும் சொல்ல மாட்டார்.

அவருக்கு வாழ்க்கைப்பட்ட தோஷத்துக்கு அவள் மேஜரம்மா.

டீயை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். பால் பாக்கெட்டுகள், சோப்பு, பேட்டரி, ஷூ லேஸ் எல்லாம் முகத்தை முன்னால் காட்டிக்கொண்டு வரிசை பிசகாமல் நின்றன. ஒரு டப்பா கொஞ்சம் திரும்பி நின்றாலும் அவருக்குச் சோறு இறங்காது. வாடிக்கையாளர் எதையாவது எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தால், அவர் தலை மறைந்ததும் போய் அதை நேராக்கிவிட்டு வருவார்.

டீயை நீட்டியபோதுதான் கவனித்தாள்.

"என்ன, மீசையெல்லாம் ஒதுக்கியிருக்கீங்க?"

"சும்மாதான்."

"ஏதாவது விசேஷம்னா ஒதுக்குற மீசையாச்சே அது."

"டீ சூடா இருக்கா?" என்றார் மேஜர். பேச்சை மாற்றுவதில் அவர் கெட்டிக்காரர் இல்லை. கையில் பிடித்திருந்த டீயைப் பற்றிக் கேட்டால் யார்தான் நம்புவார்கள்?

அவள் மேற்கொண்டு வாயைப் பிடுங்கவில்லை. காலையில் பேச்சுக்கொடுக்கத் தெம்பில்லை. கொஞ்ச நாளாகவே இருவருக்கும் அப்படித்தான். எதிர்ச்சாரியில் அந்தப் பெரிய கடை திறந்து ஏழு வாரம் ஆகிறது. கதவு முழுக்கக் கண்ணாடி. ஆள் போனால் தானே விலகும், தானே மூடும். அதன் பெயர் ஒரு முழ நீளம் என்பதால் இந்த வீட்டில் அதற்குக் "கண்ணாடி" என்றே பெயர்.

ஐந்தே முக்காலுக்குத் தவறாமல் வந்து பாலும் பேப்பரும் வாங்குகிற பஸ் டிரைவர் எதிர்ச்சாரியில் நடந்து போய்க்கொண்டிருந்தார். கையில் கண்ணாடிக் கடைப் பை. இந்தப் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று செல்போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போனார். நல்ல மனிதர். வெட்கப்படத் தெரிந்தவர்.

மேஜரும் பார்த்தார். ஒரு பால் பாக்கெட்டை அரை விரற்கடை நகர்த்தி வைத்தார்.

"முட்டி வலிக்குதா?" என்றாள்.

"இல்ல."

"கேக்கறதுக்கு முன்னாடியே இல்லைங்கறீங்க. அப்ப நல்லாவே வலிக்குது."

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

பத்து மணிக்கு லாண்ட்ரிக்காரம்மா மூட்டையோடு வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவள். கிழிசல், ஜிப், கால் குறைப்பது என்று வருகிற தையல் வேலையெல்லாம் மேஜரம்மாவிடம்தான் தள்ளிவிடுவாள். கொஞ்சம் வாயாடி, ஆனால் வேலைக்குச் சொன்ன நாளில் வந்து நிற்பாள்.

"பன்னெண்டு பேண்ட். எல்லாம் கருநீலம். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வந்து வாங்கிக்கறேன், திங்கக்கிழமை காலையில ஆளுங்க போட்டுக்கிட்டு நிக்கணுமாம்."

"யாருக்கு இவ்வளவு அவசரம்?"

"எல்லாம் உங்க எதிர்க்கடைக்குத்தான். அவங்களோட எல்லாக் கிளைக்கும் வாசல்ல காவலுக்கு ஆள் போடறாங்க, அந்தந்தக் கிளைக்கு அந்தந்தத் தெரு ஆளையே. அந்தக் காவல் கம்பெனியே ஒவ்வொருத்தருக்கும் அளவு எடுத்துச் சீட்டுக் குத்தி அனுப்பியிருக்கு. நீங்க யோசிக்கவே வேண்டாம், சீட்டுல இருக்கறபடி மடிச்சு அடிச்சா போதும்."

எதிர்க்கடைக்கு நாமே உடுப்புத் தைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு கசப்பு எட்டிப்பார்த்தது. வேலை என்று வந்த பிறகு முகத்தைச் சுளித்து என்ன ஆகப்போகிறது? மூட்டையை வாங்கி வைத்தாள்.

மாடி ஜன்னலோரம் மெஷின். நூல் மாற்றினாள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள், முதல் பேண்டை விரித்தாள். சீட்டில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். ஒன்றாம் நம்பர் ஆள் ஒட்டடைக்குச்சி போலிருக்கிறது. நாலாம் நம்பருக்குத் தொப்பை. ஆளைப் பார்க்காமலே அளவை வைத்து ஆளைச் சொல்லிவிடுவாள், அத்தனை வருஷத் தையல். எட்டு பேண்ட் முடிந்தபோது மணி பன்னிரண்டாகியிருந்தது.

ஒன்பதாம் நம்பர் சீட்டில் கால் நீளம் இரண்டு தடவை எழுதியிருந்தது. வலது முப்பது. இடது இருபத்தொன்பதே கால். பக்கத்திலேயே இந்த ஊர் பாஷையில், "தவறு அல்ல. இடது கால் முக்கால் அங்குலம் குறைவு" என்று ஒரு குறிப்பு. அளவு எடுத்தவன் பொறுப்பானவன்.

"அட பாவமே, நம்ம வீட்டுக்காரர் மாதிரி யாரோ ஒருத்தர்" என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிக்கொண்டே சாக்பீஸால் கோடும் போட்டாள். ஊசிக்கடியில் துணியை வைத்தாள்.

மெஷின் ஓடவில்லை. அவள் கால் மிதியின் மேல் அப்படியே இருந்தது.

சீட்டை மறுபடி எடுத்தாள். இடுப்பு முப்பத்தெட்டு. சட்டைக்கும் அதே சீட்டில் அளவு இருந்தது. தோள் பதினெட்டரை. கை இருபத்து நாலு. ஒவ்வொன்றாகப் படித்தாள். படிக்கத் தேவையே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவருடைய ஒவ்வொரு பேண்டுக்கும் இடது காலில் அந்த முக்கால் அங்குலத்தை மடித்து, வெளியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாமல் ஷூவின் மேல் இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி தைப்பவள் அவள்தான். போன மாசம்தான் முப்பத்தாறை முப்பத்தெட்டாகப் பிரித்துவிட்டாள். அன்றைக்குக்கூட, "இப்படியே போனா துணி பத்தாது" என்று கிண்டல் செய்தாள்.

எழுந்து தண்ணீர் குடித்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நேர் எதிரே அந்தக் கண்ணாடிக் கதவு. ஒரு பெண் குழந்தையோடு போனாள், கதவு விலகியது. இந்தக் கதவின் பக்கத்திலா? இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டா? இந்தத் தெருவே பார்க்க?

துணி மூட்டை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று மேஜர் ஒரு நாளும் கேட்டதில்லை. மூட்டை என்றால் அவருக்கு மூட்டை, அவ்வளவுதான். கம்பெனி ஆபீசில் நிமிர்ந்து நின்று அளவு கொடுத்தபோது, அந்தப் பேண்ட் சுற்றிச் சுற்றித் தன் பெண்டாட்டி மடியிலேயே வந்து விழும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஒன்பதாம் நம்பரை ஒதுக்கி வைத்துவிட்டுப் பத்து, பதினொன்று, பன்னிரண்டை முடித்தாள். கோபம் வந்தாலும் வேலை முடிந்தாக வேண்டும். அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது.

ஒரு மணிக்கு மகள் வந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. சனிக்கிழமை அரை நாள்.

"அம்மா, பசி உயிர் போகுது."

"உக்காரு. சாப்பிட்டுக்கிட்டே இது யாரோடதுன்னு சொல்லு."

தட்டுக்குப் பக்கத்து நாற்காலியில் பேண்டை விரித்துப் போட்டாள். சீட்டு மேலே தெரிந்தது. பெண்ணின் கை பாதி வழியில் நின்றது.

"இது... இது எப்படிம்மா உங்கிட்ட வந்துச்சு?"

"யாரோடதுன்னு நான் கேட்டேன். எப்படி வந்துச்சுன்னு நீ கேக்கற. சரி, பதில் கிடைச்சாச்சு."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லிடுங்கப்பான்னு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா? நானே சொல்றேன், நீ வாயைத் திறக்கக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு."

"அப்ப அந்த நீல உறை?"

"அப்பாவோட பட்டாளத்துக் காகிதம். அதை இந்த ஊர் பாஷைக்கு மாத்தி முத்திரை வாங்கித் தரணும்னாங்க. எங்க ஆஸ்பத்திரில ஒருத்தர் அந்த வேலை பண்ணுவாரு, அவர்கிட்ட குடுத்து வாங்கினேன்."

இல்லாத அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் மேஜரம்மா மனசுக்குள்ளேயே வழியனுப்பி வைத்தாள்.

"எத்தனை நாளா நடக்குது?"

"ஒரு மாசம்."

"ஒரு மாசமா அப்பனும் பொண்ணும் என்னை ஒரு ஆளாவே மதிக்கல."

"அப்படி இல்லம்மா. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"இப்ப ரொம்ப சந்தோஷமா இருக்கா எனக்கு?"

பெண் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இன்டர்வியூக்கு நானும் கூடப் போனேன்மா. அங்க ஒரு ஆபீசர், என் வயசுதான் இருக்கும். அப்பாவோட காகிதத்தை முழுசாப் படிச்சான். படிச்சு முடிச்சிட்டு எழுந்து நின்னு கை குடுத்தான். பதினேழு வருஷமா சார்னு கேட்டான். அப்பா முகத்தை நீ பாத்திருக்கணும்மா."

"பாத்திருக்கலாம்தான். என்னை யாரும் கூப்பிடலையே" என்றாள் மேஜரம்மா.

சொன்ன பிறகு தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. பெண்ணின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அவள் மேல் என்ன தப்பு? இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள். "சரி, அழாத. சாப்பிடு. ஆறிப்போச்சுன்னா நல்லா இருக்காது" என்று இன்னொரு கரண்டி போட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் ஒன்பதாம் நம்பரை மெஷினில் வைத்து அடித்தாள். வலது முப்பது. இடது இருபத்தொன்பதே கால். எப்போதும்போல, பார்த்தால் தெரியாதபடி.

மூன்று மணிக்கு அவள் இறங்கிப் போய்க் கடையில் நிற்பாள், மேஜர் மேலே வந்து ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுப்பார். இது தினப்படி. ஆனால் சும்மா கிளம்பிவிட மாட்டார். காவலை மாற்றும்போது என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒப்பித்துவிட்டுத்தான் இடத்தை விட்டு நகர வேண்டும். பட்டாளத்துப் பழக்கம். கடை வைத்த புதிதில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, நடுவில் சில வருஷம் எரிச்சல் வந்தது, இப்போது அதுவும் இல்லை.

"பால் பதினாலு. ரொட்டி ஒன்பது. வெங்காயம் ரெண்டு கூடை. முட்டை யாரும் வாங்கல. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்லையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மேஜர் கடையைச் சுற்றிப் பார்த்தார். நிஜமாகவே எதையாவது விட்டுவிட்டோமோ என்று தேடினார். அந்த வெகுளித்தனத்தைப் பார்க்கும்போது அவளுக்கு ஆத்திரமும் இரக்கமும் சேர்ந்தே வந்தன. முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பேண்டை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"போட்டுப் பாருங்க. இடது கால் சரியா இருக்கான்னு பாக்கணும்."

அவர் பேண்டைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"நாளைக்குச் சொல்லிட்டு, நாளான்னைக்குப் போயி நிக்கறதா?"

"சொன்னா நீ வேண்டாம்பே."

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லுவேன். எட்டு மணி நேரம் நிக்கற வேலை. உங்களுக்கு ஆகாதது ஒண்ணே ஒண்ணுதான், அது நிக்கறது. தேடிப் பிடிச்சு அதையே வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"இங்கயும்தான் நிக்கறேன்."

"இங்க நான் இருக்கேன். மூணு மணிக்கு வந்து மாத்தி விடறேன். அங்க யாரு வருவா? உக்கார ஸ்டூலாவது தருவாங்களா?"

"தருவாங்கன்னு நினைக்கறேன்."

"கேட்டீங்களா?"

"கேக்கல."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து தீப்பெட்டி கேட்டார். கொடுத்தாள். அவர் போகிற வரைக்கும் இரண்டு பேரும் வெங்காயக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நம்ம பஸ் டிரைவர் வருவாரு," என்றாள். "டீச்சர் வருவாங்க. பத்தொன்பது வருஷமா நம்மகிட்ட வாங்கினவங்க எல்லாரும் அங்கதான் வருவாங்க. அவங்களுக்குக் கதவைத் திறந்து விடுவீங்களா?"

"கதவு தானாத் திறக்கும்" என்றார் மேஜர்.

கேலியாகச் சொல்லவில்லை. அவர் எதையும் கேலியாகச் சொல்வதில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். சொல்லிவிட்டு, பேண்டின் மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். தையல் எங்கே என்று அவருக்குமே தெரியவில்லை.

"எனக்கு முடியலம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அஞ்சரைக்கு ஷட்டரைத் தூக்கினா தோள்பட்டை கழண்டு விழற மாதிரி இருக்கு. தூக்கிட்டு ஆறு மணி வரைக்கும் யாராவது வராங்களான்னு பாக்கறேன். யாரும் வரதில்ல. நேரா இருக்கற டப்பாவையே மறுபடி மறுபடி நேரா வெக்கறேன். அங்க அந்தப் பையன் என் காகிதத்தைப் படிச்சான். இந்த நாட்டுக்கு வந்ததுலேர்ந்து அதை ஒருத்தன்கூடப் பிரிச்சுப் பாத்ததில்ல, தெரியுமா? நான் எங்கயோ இருந்தவன், ஏதோ பண்ணினவன்னு யாருக்குமே தெரியாது. அவன் படிச்சிட்டு எழுந்து நின்னான்."

"தெரியும். பொண்ணு சொன்னா."

"அதான்."

அவர் சொன்னது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. புரியாமல் இருந்திருந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டு மேலே போயிருப்பாள்.

"உங்களுக்குப் பதினேழு வருஷத்துக்கு ஒரு காகிதம் இருக்கு," என்றாள். "படிச்சா ஒருத்தன் எழுந்து நிக்கறான். நான் இந்தத் தராசுக்குப் பின்னாடி உங்க கூடப் பத்தொன்பது வருஷம் நின்னிருக்கேன். வயித்துப் புள்ளையோட நின்னேன், அது போன மறுவாரமும் வந்து நின்னேன். அதுக்கு எங்கயாவது காகிதம் இருக்கா?"

அந்த நாளைப் பற்றி அவர்கள் பேசுவதே இல்லை. மேஜரின் கண் கலங்கியது. துடைக்கக் கை போகவில்லை.

சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. எத்தனையோ வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

"சரி விடுங்க," என்றாள் கடைசியில். "ஒத்துக்கிட்டீங்க, போங்க. மொதல்ல ஸ்டூல் கேளுங்க. கடையை நான் பாத்துக்கறேன். அஞ்சரைக்கெல்லாம் என்னால முடியாது, ஆறரைக்குத்தான் திறப்பேன். மெஷினைக் கீழ கொண்டாந்து இந்த மூலையில போட்டுக்கறேன். ஆள் வராத நேரம் தைக்கலாம். தையலுக்கு வரவங்க ரெண்டு முட்டையும் வாங்கிட்டுப் போவாங்க."

சொல்லச் சொல்ல அவளுக்கே அது நன்றாகத்தான் இருந்தது. இந்த மூலையில் வெளிச்சம் வரும். துணி தொங்கவிட ஒரு கம்பி போட வேண்டும். காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

மேஜர் "சரி" என்று சொல்லவில்லை.

"என்ன?"

"அது இல்லம்மா..."

"எது இல்ல?"

"கடை..." என்று ஆரம்பித்தார். அதற்குள் வாசல் மணி அடித்தது.

உள்ளே வந்தவர் கட்டட உரிமையாளரின் குமாஸ்தா. வருஷத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வருபவர். இது அவர் வருகிற மாசம் இல்லை. அக்குளில் ஒரு பழுப்புக் கோப்பு. மேஜர் முகம் வெளுத்துவிட்டது.

"திங்கக்கிழமைன்னுதானே சொன்னீங்க?" என்றார் அவரிடம், இந்த ஊர் பாஷையில்.

"இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே முடிச்சிடலாமேன்னு." குமாஸ்தா கோப்பைப் பிரித்து, பேண்டின் பக்கத்திலேயே விரித்தார். மேஜரம்மாவைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். "ஒண்ணுமில்லைங்கம்மா. மாசக் கடைசியில கடையைக் காலி பண்றதுக்கான காகிதம். மேல இருக்கற வீட்டுக்கு இது சம்பந்தமில்லை, நீங்க தாராளமா இருக்கலாம். கீழ மட்டும்தான். எங்க முதலாளி வேற ஆள்கூட பேசிட்டாரு. உங்க கணவர் போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டாரு. கடை ரெண்டு பேர் பெயர்லயும் இருக்கறதால உங்களோடதும் வேணும்."

கடை ரெண்டு பேர் பெயரில். அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. வந்த புதிதில் இந்த ஊரில் மேஜருக்கு வேலை பார்த்த அத்தாட்சி ஒன்றும் இல்லை. அவள்தான் ஒரு தையல் பட்டறையில் சேர்ந்திருந்தாள். அதனால் அவளும் கையெழுத்துப் போட்டால்தான் கடை என்று அப்போதிருந்த உரிமையாளர் சொன்னார். அன்றைக்கு இந்த ஊர் எழுத்து ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. மேஜர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அவர் விரல் வைப்பார், அவள் போடுவாள்.

கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நிமிர்ந்துதான் நின்றிருந்தார். ஆனால் கை, மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை..." என்று தமிழில் ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அந்நிய மனிதர் முன்னால் அதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

"ரெண்டு பேராலயும் முடியலன்னுதான்மா," என்றார் மேஜர், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில். "நீயும் ஓஞ்சு போயிட்டே. நான் பாக்கறேன்ல? உனக்கும் சேத்துத்தான் முடிவு பண்ணினேன்."

"எனக்கும் சேத்து" என்றாள் அவள்.

குமாஸ்தாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். "ஒரு நிமிஷ வேலைதான்மா. நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்க, காட்டற இடத்துல போட்டுடுவீங்கன்னு உங்க கணவர் சொன்னாரு." நல்ல விதமாகத்தான் சொன்னார். புகழ்ச்சி என்று நினைத்துத்தான் சொன்னார்.

கோப்பின் கடைசிப் பக்கம் விரிந்திருந்தது. மேஜர் பழக்க தோஷத்தில் ஆள்காட்டி விரலை நீட்டி, கோட்டின் மேல் வைத்தார். மேலே அவருடைய கையெழுத்து. கீழே காலியாக ஓர் இடம்.

மேஜரம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். மெஷினிலிருந்து எழுந்தபோது கழற்றாமல் நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினாள். பால் பாக்கெட்டிலும் சோப்பு டப்பாவிலும் மருந்து அட்டையிலும் எழுத்துக் கூட்டிக் கூட்டி இந்த ஊர் பாஷையை அவள் கற்றுக்கொண்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அளவுச் சீட்டில் மூலையில் கிறுக்கியிருந்ததைக்கூடப் படித்தவள். அது மேஜருக்குத் தெரிய வேண்டிய சந்தர்ப்பம் வந்ததில்லை.

அவர் விரலை மெதுவாகப் பிடித்து, காகிதத்திலிருந்து நகர்த்தி வைத்தாள். பக்கங்களை மொத்தமாகப் புரட்டி முதல் பக்கத்துக்குப் போனாள்.

"பதினோரு பக்கம் இருக்கும்மா," என்றார் குமாஸ்தா, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "கடைசிப் பக்கம் மட்டும் போதும்."

"பரவாயில்லை, இருங்க," என்றாள் அவள், அவருடைய பாஷையிலேயே. "நான் படிச்சிட்டுச் சொல்றேன்."

மேஜர் அவளைப் பார்த்தார். புதிதாக யாரோ கடைக்குள் வந்துவிட்டதைப்போல் பார்த்தார்.

அவள் ஒரு காலிப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் வரியின்மேல் தன் விரலை வைத்தாள். அந்த வரியில் அவர் பெயர் இருந்தது. அதை அடுத்து, அதே அளவு எழுத்தில், அவள் பெயரும் இருந்தது. அந்த இரண்டு பெயரையும் தாண்டி அடுத்த வரிக்குப் போக அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.